கம்ப்ரஸர் நின்றால் மொத்த மில்லும் நிற்குமா? பராமரிப்பு மென்பொருள் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஒரு நூற்பாலையில் ஏர் கம்ப்ரஸர் திடீரென நின்றால் என்ன ஆகும்? ஆட்டோகோனர் மெஷினில் அறுந்த நூலை ஒட்டுவதற்கு அழுத்தக் காற்று வேண்டும். காற்று இல்லையென்றால் வைண்டிங் பிரிவு அப்படியே நின்றுவிடும். ரிங் ஃபிரேமில் இருந்து வரும் நூல் காப்கள் குவிந்துகொண்டே போகும். மாலை லோடு ஏற்ற வந்த லாரி வாசலில் காத்திருக்கும்.

அப்போது முதலாளி கேட்கும் கேள்விகள் எல்லா மில்லிலும் ஒன்றுதான். "கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணினோம்? ஃபில்டர் மாத்தினது யாரு? ஸ்பேர் ஸ்டோர்ஸ்ல இருக்கா? போன தடவையும் இதேதானே வந்துச்சு?"

ஒரு பதில் ஷிப்ட் நோட்டில் இருக்கும். இன்னொன்று வாட்ஸ்அப் குரூப்பில் எங்கோ மேலே புதைந்திருக்கும். மிச்சம் எல்லாம் மூத்த ஃபிட்டரின் தலையில். அவர் அன்றைக்கென்று பார்த்து சொந்த ஊரில் கல்யாணத்துக்குப் போயிருப்பார். இன்னும் சில வருஷத்தில் அவர் ஓய்வே பெற்றுவிடுவார்.

இந்த விவரங்களை எல்லாம் ஒரே இடத்தில் வைப்பதற்கு வந்ததுதான் பராமரிப்பு மேலாண்மை மென்பொருள். சுருக்கமாக சிஎம்எம்எஸ் என்பார்கள். கோவை, திருப்பூர், ஓசூர் பக்கம் சிறு, நடுத்தர ஆலைகளுக்கும் இதை விற்க இப்போது ஆள் வருகிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? நூற்பாலையை உதாரணமாக வைத்தே பார்க்கலாம். சிஎன்சி பட்டறை, சாயப்பட்டறை, மருத்துவமனை, ஹோட்டல் என எதுவாக இருந்தாலும் அடிப்படை இதேதான்.

சிஎம்எம்எஸ் என்ன செய்யும்?

உங்களிடம் உள்ள ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஜாதகம் எழுதி வைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வாங்கியது, வாரண்டி எதுவரை, என்ன பழுது வந்தது, யார் சரி செய்தது, எந்த பார்ட் மாற்றியது எல்லாம் அதில் ஏறும். அடுத்து எந்தத் தேதியில் எந்த மெஷினுக்கு என்ன வேலை என்று அதுவே நினைவூட்டும். மெஷின் நின்றால் ஆபரேட்டர் ஃபோனில் ஒரு புகார் பதிவு செய்வார். அது ஃபிட்டருக்கு ஒர்க் ஆர்டராகப் போகும். வேலை முடிந்ததும் எத்தனை மணி நேரம் ஆனது, என்ன பொருள் செலவானது என்று பதிவாகும்.

அவ்வளவுதான். இதற்கு மேல் விற்பனைப் பிரதிநிதி காட்டும் வண்ண வண்ண வரைபடங்கள் எல்லாம் இந்த அடிப்படைப் பதிவுகள் ஒழுங்காக ஏறினால் மட்டுமே அர்த்தமுள்ளவை.

எக்செல் போதாதா?

பல இடங்களில் போதும். இதை மென்பொருள் விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். பத்துப் பதினைந்து மெஷின், ஒரே ஷிப்ட், ஒரே ஃபிட்டர் என்றால் ஒரு நல்ல நோட்டும், சுவரில் மாட்டிய காலண்டரும், ஒரு எக்செல் ஷீட்டும் தாராளம். அதைக்கூட மூன்று மாதம் ஒழுங்காக எழுத முடியாத இடத்தில் மென்பொருள் வந்து எதையும் மாற்றிவிடாது.

எக்செல் எங்கே திணறும்? மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில். இரவு ஷிப்டில் நடந்தது காலை ஷிப்டுக்குத் தெரியாமல் போகும்போது. ஒரே ஃபைலை நாலு பேர் நாலு பிரதியாக வைத்திருக்கும்போது. ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கும் பழுதுக் கணக்கும் ஒட்டாதபோது.

வாகன உதிரிபாகம் செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் பின்பற்றும் ஐஏடிஎஃப் 16949 தரச்சான்று, பராமரிப்புக்கு எழுதப்பட்ட இலக்குகள் வேண்டும் என்கிறது. ஓஇஇ, எம்டிபிஎஃப், எம்டிடிஆர் ஆகிய அளவீடுகளை உதாரணமாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆடிட்டர் வந்து நிற்கும் அன்று நோட்டைப் புரட்டி இந்தக் கணக்கைப் போட முடியாது.

முதல் வேலை மெஷின் பட்டியல்

டெமோ பார்ப்பதற்கு முன்னால் ஒரு வாரம் ஒதுக்கி ஆலையைச் சுற்றி வந்து பட்டியல் எடுங்கள். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் பாதித் திட்டங்கள் தடுமாறுவது இங்கேதான்.

எவ்வளவு ஆழம் போவது என்பதுதான் சிக்கல். ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில் இருக்கும். ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் தனி எண் கொடுத்தால் யாராலும் பராமரிக்க முடியாது. வெறும் 'ரிங் ஃபிரேம் பிரிவு' என்று ஒரே வரியில் போட்டால் எந்த மெஷின் தொல்லை தருகிறது என்றே தெரியாது. பொதுவாக மெஷின் ஒரு நிலை, அதற்குள் மெயின் மோட்டார், கியர் பகுதி, டிராஃப்டிங் பகுதி, கன்ட்ரோல் பேனல் என்று இன்னொரு நிலை. இந்த இரண்டே போதும். தனியாகக் கழற்றி வேறு மெஷினில் மாட்டக்கூடிய பொருளுக்கு மட்டும் தனி எண் கொடுங்கள். உதாரணமாக மோட்டார். ரீவைண்டிங் போய்விட்டு வரும் மோட்டார் பழைய மெஷினுக்கே திரும்பும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

அப்படியே எந்த மெஷின் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது ரிங் ஃபிரேமில் ஒன்று நின்றால் சமாளிக்கலாம். ஒரே ஒரு கம்ப்ரஸர் இருந்து, ஸ்டாண்ட்பை இல்லாமல், அது நின்றால்? ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் நின்று காற்றில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட 'உயிர்நாடி' மெஷின்கள் எண்ணிக்கையில் குறைவுதான். மென்பொருளில் முதலில் ஏற வேண்டியது இவைதான்.

டெமோவில் இந்தக் கேள்வியை மறக்காதீங்க

காட்ஸ் பஃபிங் செய்ய வேண்டிய தேதி 1-ம் தேதி என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் அவசரத்தில் 12-ம் தேதிதான் செய்தீர்கள். இடைவெளி 45 நாள் என்றால், அடுத்த முறை எப்போது? 1-ம் தேதியில் இருந்து 45 நாளா, 12-ம் தேதியில் இருந்து 45 நாளா?

தேய்மானம் சம்பந்தப்பட்ட வேலைக்கு, உண்மையில் செய்த தேதியில் இருந்துதான் எண்ண வேண்டும். சட்டப்படி செய்ய வேண்டிய பரிசோதனைக்குக் கெடு தேதி நகரக் கூடாது. இரண்டையும் தனித்தனியாக வைக்க மென்பொருளில் வசதி இருக்கிறதா என்று செய்து காட்டச் சொல்லுங்கள். வாயால் "இருக்கு சார்" என்றால் ஏற்காதீர்கள்.

அடுத்தது, ஓடிய மணி நேரக் கணக்கு. ஒரு கம்ப்ரஸருக்கு 4,000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லி மேனுவலில் இருக்கிறது என்று கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினால் 167 நாளில் அந்த எண் வந்துவிடும். ஒரே ஷிப்டில் 8 மணி நேரம் மட்டும் ஓடினால் 500 நாள் ஆகும். இரண்டுக்கும் 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை' என்று போட்டால் ஒன்றில் தாமதம், இன்னொன்றில் வீண் செலவு. ஆகவே மணி மீட்டர் ரீடிங்கை ஏற்றினால் அதை வைத்தே வேலை கிளம்ப வேண்டும். டிஜி செட், கம்ப்ரஸர், ஃபோர்க்லிஃப்ட் வைத்திருக்கும் யாருக்கும் இது அவசியம். எத்தனை நாளுக்கு, எத்தனை மணிக்கு என்ற எண் மட்டும் மென்பொருளில் இருந்து வராது. மெஷின் மேனுவல், உங்கள் ஃபிட்டரின் அனுபவம், கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா போன்ற ஆய்வு நிறுவனங்களின் ஆலோசனை, இவற்றில் இருந்துதான் வர வேண்டும்.

அதிகமாக சர்வீஸ் செய்வதும் பிரச்னையா?

ஆமாம். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1978-ல் அமெரிக்க யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் ஆகிய இருவரும் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை தந்தார்கள். ஆய்வு செய்த விமான பாகங்களில் வயது ஆக ஆகப் பழுது கூடும் என்ற கணக்கு சுமார் 11 சதவீதத்துக்கு மட்டுமே பொருந்தியது. 68 சதவீத பாகங்களில் புதிதாக மாட்டிய உடனே பழுது வாய்ப்பு அதிகம், பிறகு குறைந்து சீராகிவிடுகிறது. அதாவது நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றி மாட்டுவதே சில நேரம் புதுப் பழுதைக் கொண்டுவருகிறது.

விமானமும் மில்லும் ஒன்றல்ல. பஞ்சுத் தூசி, டிராவலர் தேய்மானம், கார்டிங் கம்பி மழுங்குவது எல்லாம் நிச்சயம் ஓட ஓட வருவதுதான். ஆனாலும் மென்பொருள் வந்த உற்சாகத்தில் எல்லா மெஷினுக்கும் எல்லா வேலையையும் வாரா வாரம் போட்டு வைக்காதீர்கள். ஃபிட்டருக்குத் தினமும் நாற்பது நினைவூட்டல் வந்தால் நாற்பதையும் பார்க்காமல் டிக் அடிக்கத்தான் தோன்றும்.

ஃபோன் ஃபிட்டர் கையில் இருக்கும், உங்கள் கையில் அல்ல

வாங்குவது முதலாளியும் மேனேஜரும். பயன்படுத்தப் போவது கையில் கிரீஸோடு நிற்கும் ஃபிட்டர். இந்த வித்தியாசத்தை மறந்து வாங்கிய மென்பொருள், ஆறு மாதத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கப்படும் பொருளாகிவிடும்.

எனவே டெமோவுக்கு ஃபிட்டரையும் கூப்பிடுங்கள். ஃபோனை அவர் கையில் கொடுத்து, "ஏழாம் நம்பர் ஃபிரேம்ல பெல்ட் அறுந்துடுச்சு, பதிவு பண்ணுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு யாரும் உதவாமல் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் தேறும். பத்துக் கட்டம் நிரப்பச் சொல்கிறது, ஆங்கிலத்தில் டைப் அடிக்கச் சொல்கிறது என்றால் அது உங்கள் ஆலைக்கு ஆகாது. தமிழில் திரை இருக்கிறதா, தமிழில் எழுதினால் தேட முடிகிறதா, குரல் பதிவும் போட்டோவும் ஏறுமா என்று பாருங்கள். வட மாநிலத் தொழிலாளர்கள் அதிகம் உள்ள இடத்தில் இந்தியும் வேண்டியிருக்கும்.

நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யுமா என்பதும் முக்கியம். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் தரைக்குக் கீழே இருக்கும் மில்களில் சிக்னலே வராது. அங்கே பதிவு செய்ததை ஃபோன் வைத்திருந்து, மேலே வந்ததும் தானே அனுப்ப வேண்டும். டெமோவில் ஃபோனை ஃபிளைட் மோடில் போட்டு சோதியுங்கள். மெஷினில் ஒட்டும் க்யூஆர் ஸ்டிக்கர் விஷயத்திலும் இதே கவனம் தேவை. காகித ஸ்டிக்கர் எண்ணெயிலும் பஞ்சுத் தூசியிலும் சில வாரத்தில் போய்விடும். அலுமினியத் தகடு கொஞ்சம் செலவு அதிகம், ஆனால் நிற்கும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 'எத்தனை நிமிஷம் டீ குடிச்சோம்னு பார்க்கத்தான் இந்த ஆப்' என்ற பயம் தொழிலாளர்களுக்கு இருக்கும். நியாயமான பயம்தான். ஒர்க் ஆர்டரில் பதிவாகும் நேரத்தை வைத்து முதல் மாதமே சம்பளப் பிடித்தம் செய்தால், அடுத்த மாதத்தில் இருந்து உண்மையான நேரம் ஒன்றுகூட பதிவாகாது. எதற்காகப் பதிவு, எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்டோர்ஸ் கணக்கில் ஒளிந்திருக்கும் பணம்

6205 என்ற பேரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. ஸ்டோர்ஸ் பதிவேட்டில் இது ஒரு இடத்தில் '6205', இன்னொரு இடத்தில் 'மோட்டார் பேரிங்', வேறொரு இடத்தில் கம்பெனி பெயரோடு என்று மூன்று வரியில் இருக்கும். ஒரு வரியில் இருப்பு ஜீரோ என்று பார்த்து அவசரமாக ஆர்டர் போடுவார்கள். அடுத்த அலமாரியில் பத்து கிடக்கும். அதே சமயம் இரும்பு மூடி உள்ள இசட்இசட் வகையும், ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையும் வேறு வேறு. அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டாலும் தப்பு.

ஆகவே பழைய ஸ்டாக் ஷீட்டை அப்படியே மென்பொருளில் ஏற்றாதீர்கள். ஒரு முறை உட்கார்ந்து பெயர்களைச் சரி செய்துவிட்டு ஏற்றுங்கள். டாலி அல்லது வேறு இஆர்பி ஏற்கெனவே இருந்தால், ஸ்டாக் எதில் இருக்கப் போகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இரண்டிலும் தனித்தனியாக எழுதினால் இரண்டும் தப்பாகத்தான் இருக்கும்.

கை உள்ளே இருக்கும்போது சுவிட்ச் போட்டால்?

பழுது பார்க்கும் நேரத்தில் நடக்கும் விபத்துகளில் கொடூரமான வகை இது. ஒருவர் மெஷினுக்குள் கை வைத்திருப்பார். தெரியாமல் இன்னொருவர் ஓட்டிவிடுவார். மெயின் ஸ்விட்சை அணைத்து, பூட்டு போட்டு, பெயர்ச்சீட்டு தொங்கவிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இதை ஒர்க் ஆர்டரின் முதல் படியாகக் கட்டாயமாக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் நல்லது. பூட்டின் போட்டோ ஏற்றாமல் அடுத்த படி திறக்காது என்று வைக்கலாம். ஆனால் உண்மையில் காப்பாற்றுவது கையில் உள்ள பூட்டுதான். அதை வாங்கிக் கொடுக்காமல் ஆப் மட்டும் வாங்குவதில் பயன் இல்லை.

சட்டப் பரிசோதனைகளையும் இதே காலண்டரில் சேருங்கள். ஹாய்ஸ்ட், லிஃப்ட் ஆகியவற்றை 6 மாதத்துக்கு ஒருமுறையும், கிரேன், சங்கிலி போன்ற தூக்கும் சாதனங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையும் தகுதி பெற்றவர் பரிசோதிக்க வேண்டும் என்றது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். இப்போது தொழிலாளர் சட்டங்கள் புதிய தொகுப்புகளாக மாறிவிட்டதால், உங்கள் ஆலைக்குப் பொருந்தும் காலக்கெடுவைப் பாதுகாப்பு அதிகாரியிடம் உறுதி செய்துகொண்டு ஏற்றுங்கள். பாய்லர் சான்றிதழ், எடைமேடை முத்திரை, தீயணைப்பான் நிரப்பும் தேதி எல்லாம் இதில் வரும்.

சரி, எவ்வளவு செலவாகும்?

பெரும்பாலானவை கிளவுட் முறையில், ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கில் வருகின்றன. கணக்குப் புரிவதற்காக ஆளுக்கு மாதம் ரூ.1,500, மொத்தம் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.2,16,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.38,880. ஆக மொத்தம் ரூ.2,54,880. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரி கட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பழுது வந்ததைத் தெரிவிக்க மட்டும் செய்யும் ஆபரேட்டருக்கும் காசா? சில நிறுவனங்கள் அவர்களை இலவசமாக விடுகின்றன. சில நிறுவனங்கள் ஒவ்வொரு தலைக்கும் வசூலிக்கின்றன. மூன்று ஷிப்டில் நூறு ஆபரேட்டர் இருக்கும் இடத்தில் இந்த ஒரு கேள்வி விலையையே புரட்டிப்போடும்.

ஐபிஎம்மின் மாக்ஸிமோ, எஸ்ஏபியின் பராமரிப்புப் பிரிவு போன்றவை பெரிய ஆலைகளுக்கானவை. ஏற்கெனவே எஸ்ஏபி ஓடும் இடத்தில் தவிர, நடுத்தர மில்லுக்கு அவை யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட், பெல்ஜியத்தின் ஓடூ போன்றவற்றில் பராமரிப்புக்கான பகுதிகள் உண்டு. இஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவ, மாற்றியமைக்க, சர்வர் பார்க்க ஆள் வேண்டும். அந்தச் செலவை எழுதிப் பார்த்துவிட்டு 'ஃப்ரீ' என்று சொல்லுங்கள்.

விலைப்பட்டியலில் வராத பெரிய செலவு ஒன்று இருக்கிறது: பழைய விவரங்களை ஏற்றும் ஆள் கூலியும், தினமும் அதைக் கவனிக்கப் பொறுப்பான ஒருவரின் நேரமும். பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க முடியவில்லை என்றால் வாங்குவதைத் தள்ளிப் போடுவது நல்லது.

சென்சார் மாட்டி, ஏஐ வைத்து, பழுது வருவதற்கு முன்பே சொல்லிவிடும் என்பார்கள். பெரிய மோட்டார், கம்ப்ரஸர் போன்றவற்றில் அதிர்வு, வெப்பம் அளப்பது உண்மையிலேயே பயன் தரும். ஆனால் கடந்த ஒரு வருடத்தில் எந்த மெஷின் எத்தனை முறை நின்றது என்று தெரியாத ஆலைக்கு அது இப்போதைக்கு வேண்டாம்.

ஒரே பிரிவில் ஓட்டிப் பாருங்கள்

மொத்த ஆலைக்கும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். யூட்டிலிட்டி பிரிவை மட்டும், அதாவது கம்ப்ரஸர், டிஜி செட், ஹியூமிடிஃபிகேஷன் ஆகியவற்றை எடுத்து இரண்டு மாதம் ஓட்டுங்கள். பிறகு கணக்கைப் பாருங்கள்.

ஒரு மாதத்தில் கம்ப்ரஸர் 600 மணி நேரம் ஓட வேண்டும். நாலு முறை நின்றது, மொத்தம் 20 மணி நேரம் வீண். மீதி 580-ஐ நாலால் வகுத்தால் 145. சராசரியாக 145 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுது, இதுதான் எம்டிபிஎஃப். 20-ஐ நாலால் வகுத்தால் 5. ஒரு பழுதைச் சரி செய்ய ஆகும் சராசரி நேரம் 5 மணி, இது எம்டிடிஆர். அந்த 5 மணியில் வேலை ஒரு மணிதான், பேரிங் வாங்கப் போன நேரம் நாலு மணி என்று பதிவு காட்டினால், உங்கள் பிரச்னை ஃபிட்டர் இல்லை, ஸ்டோர்ஸ். மென்பொருள் தன் காசை மீட்டுத் தருவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அறிக்கையில் 'தடுப்புப் பராமரிப்பு 100 சதவீதம் நிறைவு' என்று வந்தால் சந்தோஷப்படும் முன் நேரத்தைப் பாருங்கள். முப்பது வேலையும் ஷிப்ட் முடியும் முன் கடைசி ஐந்து நிமிடத்தில் டிக் ஆகியிருந்தால், அவை செய்யப்பட்டவை அல்ல. டிக் செய்யப்பட்டவை. ஒவ்வொரு பதிவும் எந்த நேரத்தில் ஏறியது என்பதைக் காட்டாத, பின்னால் மாற்றினால் தடம் விடாத மென்பொருளை வாங்காதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் கடைசியாகப் பார்க்க வேண்டியது, வெளியேறும் வழி. சந்தாவை நிறுத்தினால் உங்கள் மெஷின் வரலாறு உங்கள் கைக்கு வருமா? எக்செல்லிலோ சிஎஸ்வியிலோ எல்லாமும் இறங்குமா, அல்லது வெறும் பட்டியல் மட்டுமா? போட்டோக்களும் சேர்ந்து வருமா? நிறுத்திய பிறகு எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? சோதனைக் காலத்திலேயே ஒரு முறை முழு டேட்டாவையும் இறக்கி, திறந்து பாருங்கள். அப்போது தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அதைச் சரி செய்து தரச் சொல்லிவிட்டுப் பிறகு முன்பணம் கொடுங்கள்.